வளரிளம் பெண்களும் கருப்பை நார்த்திசுக்கட்டி குறித்த விழிப்புணர்வும்: சொல்வழக்கு நோக்கு

திறவுச்சொற்கள்: வளரிளம் பருவம், நார்த்திசுக்கட்டி, பெரும்பாடு, மாதவிடாய், இரத்தசோகை

முன்னுரை

கருப்பையின் தசைச்சுவரில் தோன்றும் புற்றல்லாத கட்டியே நார்த்திசுக்கட்டி எனப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் தூண்டலால் வளரும் இக்கட்டி, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். முப்பது முதல் ஐம்பது வயதுவரையுள்ள பெண்களிடம் மிகுதியாகவும், பதின்பருவத்தினரிடம் மிக அரிதாகவும் காணப்படுகிறது. அவ்வாறாயின் பள்ளி மாணவியர் இதனை ஏன் அறிந்திருத்தல் வேண்டும்? நோயின் பெயர் தெரியுமா எனக் கேட்டு மதிப்பெண் இடும் வினாநிரல்கள் இவ்வினாவை எதிர்கொள்வதில்லை. மாணவியர்க்கு வேண்டுவது நோயின் பெயரன்று. தம் குருதிப்போக்கை மதிப்பிடும் திறன் என்பது இக்கட்டுரையின் கருத்து.

எது மிகை?

ஒரு சுழற்சியில் 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குருதியிழப்பை மிகை எனக் கொள்வது மருத்துவ மரபு. எந்த மாணவியும் மில்லிலிட்டரில் அளப்பதில்லை. இதனாலேயே, நாப்கின் நனைந்த அளவைப் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடும் அட்டவணையை ஹைகாமும் அவருடன் ஆய்ந்தோரும் 1990இல் வெளியிட்டனர். அதுவும் இல்லாதவிடத்து, ஒன்றிரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை நாப்கின் முழுதும் நனைதல், எட்டு நாளுக்கு மேல் போக்கு நீடித்தல், பெரிய உறைகட்டிகள் வெளியேறுதல் ஆகியவற்றை அடையாளமாகக் கொள்ளலாம். பதின்பருவத்தில் இவற்றிற்குக் காரணம் பெரும்பாலும் கருமுட்டை வெளிப்படாத சுழற்சி. சிலரிடம் வான் வில்லிபிராண்டு நோய் போன்ற குருதியுறைதல் குறைபாடு. இவை அப்பொழுதே கண்டறியத்தக்கவை.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களுள் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இதனை உணவுக்குறை என்று மட்டும் கொண்டு இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்தினால், மாதந்தோறும் இழக்கும் குருதி கணக்கில் வராது. தமிழக அரசு 2011இல் அறிவித்த புதுயுகம் திட்டம் 10–19 வயதினர்க்கு நாப்கின் வழங்குகிறது. நாளொன்றுக்கு எத்தனை தேவைப்படுகின்றன எனக் கேட்பதற்கு அவ்வழங்கலைவிடப் பொருத்தமான தருணம் இல்லை.

சொல்லும் மறைப்பும்

மாதவிடாய்க் காலத்தில் கலம் தொடாது விலகி நிற்கும் மகளிர், புறநானூற்று 299ஆம் பாடலில் உவமையாகின்றனர். தூரம், வீட்டுவிலக்கு, தீட்டு என்னும் பிற்கால வழக்குகளும் பெண் எங்கு நிற்க வேண்டும் என்பதையே சொல்கின்றன. எவ்வளவு குருதி போகிறது என்பதைச் சொல்வதில்லை. சித்த மருத்துவத்தின் ‘பெரும்பாடு’ அந்த அளவையே பெயராகக் கொண்டது. அத்தகைய சொல் அன்றாடப் பேச்சில் அருகியது ஓர் இழப்பே.

‘கட்டி’ என்னும் சொல்லோ மிகைச்சுமை தாங்குகிறது. சினைப்பை நீர்க்கட்டி, நார்த்திசுக்கட்டி, புற்றுக்கட்டி, உறைந்த குருதி ஆகிய நான்கிற்கும் அதுவே வழங்குகிறது. அச்சமும் அலட்சியமும் இப்பொருள்மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ நார்த்திசுக்கட்டி இருப்பின் ஒரு பெண்ணுக்கு அது தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்’ என்ற அளவிலேயே தாயின் நோய் வீட்டில் பேசப்படுகிறது. எதற்காக என்பது மகளுக்குச் சொல்லப்படுவதில்லை. மணமாகாத பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் ஊர் என்ன சொல்லும் என்னும் தயக்கமும் உண்டு. வயிற்றின் மேற்புறமாகச் செய்யும் ஸ்கேனே பெரும்பாலும் முதற்கட்டத்திற்குப் போதுமானது என்பதைத் தாய்மார் அறிந்தால் அத்தயக்கம் ஓரளவு குறையும். எனவே இனி வகுக்கப்படும் வினாநிரல்கள் மாணவியரோடு தாயரையும் உட்படுத்த வேண்டும். அவற்றின் முதல் வினா தாயின் அறுவைக்குரிய காரணத்தை மகள் அறிவாளா என்பதாக அமையலாம்.