அச்சில் நேர்ந்த பிழையும் புளியில் அழியும் தடயமும்

பிழை நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை உண்டு என்ற பேச்சு பரவியதிலிருந்து, சில்லறைக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போர் பெருகிவிட்டனர். எனினும் நாணயச்சாலையில் நேர்ந்த பிழைக்கும், புழக்கத்தில் விழுந்த சேதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர் மிகச் சிலரே. வில்லை எனப்படும் எழுத்தில்லா உலோகத் தகடு, இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஒரே அடியில் நாணயமாகிறது; ஆதலால் உண்மையான பிழை எதுவும் அந்த அடியின் இயல்பை மீறி அமைய முடியாது.

பத்து ரூபாய் நாணயத்தின் மஞ்சள் வளையமும் வெண்ணிற நடுவில்லையும் தனித்தனியே செய்யப்பட்டாலும், அவை இறுகுவதும் உருவம் பதிவதும் அச்சின் கீழ் ஒருங்கே நிகழ்வதால், நடுவிலுள்ள சிங்கத் தலைகள் வளையத்து எழுத்துக்கு நேராக நில்லாமல் சாய்ந்திருப்பின், எவரோ நடுவில்லையைத் தட்டிக் கழற்றித் திருப்பிப் பொருத்தியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அச்சில் விரிசல் இருந்தால் உலோகம் அதற்குள் புகுந்து காசில் மேடான கோடாக நிற்கும். பின்னர் விழுந்த கீறலோ பள்ளமாகி, இரு கரையிலும் பிசிறை ஒதுக்கியிருக்கும். தருமபுரி வழியே செல்லும் சேலம்–பெங்களூரு இருப்புப்பாதையில் சிறுவர்கள் வைத்து நசுக்கிய காசும், விளிம்பைத் தாங்கும் வளையமின்றி அடிபட்ட காசும் ஒன்றுபோலவே அகன்றிருக்கும்; முன்னதில் எழுத்து இழுபட்டு மங்கியிருக்க, பின்னதில் கூர்மையாகவே நிற்கும்.

பழங்காசுக்கு இவ்வளவுகோல் முழுவதும் பொருந்தாது. 1792 உடன்படிக்கைவரை மைசூர் ஆட்சியில் இருந்த பாரமகால் பகுதியைச் சேர்ந்தது தருமபுரி. மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் யானைக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை ஆதலின், யானையின் ஒரு பகுதி விளிம்புக்கு வெளியே போவது அக்காலத் தொழில்முறையின் இயல்பே. புதுக்கோட்டை வட்டாரத்தில் 1898-இல் கிடைத்த ரோமப் பொற்காசுகள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் வெட்டு உண்டு. வேண்டுமென்றே செய்யப்பட்ட அச்சேதம் இன்று வரலாற்றுச் சான்றாகப் போற்றப்படுகிறது.

ஆழ்ந்த கவலைக்குரியது, புளி விளைச்சலுக்குப் பெயர்பெற்ற தருமபுரி மாவட்டத்தில், உழவில் கிடைக்கும் செப்புக்காசைப் பித்தளைக் குடம்போலப் புளியும் உப்பும் இட்டுத் துலக்குவதே. பழைய வெட்டின் உட்புறத்தில் காசின் மேற்பரப்பில் உள்ள அதே களிம்பு படிந்திருக்கும். நேற்று விழுந்த வெட்டில் செம்பு பளிச்சென்று தெரியும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துவிட்டபின், இவ்விரண்டையும் பிரித்தறிய எந்த உருப்பெருக்கியாலும் இயலாது. கரைந்த களிம்பை மீண்டும் படியவைக்கும் வழியும் இல்லை. பளபளப்பான காசே விரைவில் விலைபோகும் என்று கூறும் வணிகரும் உண்டு. மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அவ்வாறு ஒப்படைக்கப்படும் காசு கழுவாமலும் தேய்க்காமலும், ஒட்டிய மண்ணோடே போய்ச் சேர வேண்டும்.