கப்பலேறும் முன்னே கணக்குப் பாருங்கள்

நம் தோட்டங்களில் கப்பல் என்றதும் மூத்தவர்கள் வாயிலிருந்து வரும் பெயர் ‘ரஜூலா’தான். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1970-களின் தொடக்கம் வரை தமிழகத் துறைமுகங்களுக்கும் மலாயா, சிங்கப்பூருக்கும் இடையே நம்மவர்களை ஏற்றி இறக்கியது. அதன் பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் 1985 வரை ஓடியது. அவை பிழைப்புத் தேடிப் போன பயணங்கள். தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கரை எப்போது தெரியும் என்று காத்திருந்த பயணங்கள்.

இன்று கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களின் கதையே வேறு. பல மாடி ஓட்டல் ஒன்று கடலில் மிதப்பதைப் போன்றவை அவை. மூன்று நான்கு இரவுகள் மலாக்கா நீரிணையில் சென்று, ஓரிரு துறைமுகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணங்கள் உண்டு. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடும், பணி ஓய்வு பெற்ற பெற்றோரோடும் போய்வர நம் குடும்பங்களும் ஆசைப்படுகின்றன. ஆசைப்படுவதில் தவறே இல்லை. காலமெல்லாம் பால்மரத்தையும் செம்பனையையும் பார்த்த கண்கள் கொஞ்சம் கடலையும் பார்க்கட்டுமே! ஆனால், போகும் முன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய சில வேலைகள் உள்ளன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விளம்பர விலை முழு விலையன்று

‘ஆளுக்கு இவ்வளவுதான்’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம் அது. ஒருவர் மட்டும் தனியாகத் தங்கினால் ஏறக்குறைய இருவருக்கான தொகையையே கேட்பார்கள். ஆகவே தனியாகப் போக நினைக்கும் அம்மாவோ அத்தையோ இன்னொரு துணையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மூன்றாவது, நான்காவது ஆளாக அதே அறையில் தங்குவோருக்குப் பெரும்பாலும் கட்டணம் குறையும்.

இதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம். இது ஆளுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறிவிடும். இரவுக்கு 60 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நால்வர் மூன்று இரவு தங்கினால் 720 வெள்ளி ஆகிறது. 2025-இல் நிர்ணயித்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் இது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்! இதை முன்னதாகவே அறிந்திருந்தால் சுமையாகத் தோன்றாது. கடைசி நாளில் அறிந்தால் நெஞ்சு அடைத்துவிடும்.

ஆகவே முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “எல்லாம் சேர்த்து எங்கள் குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு? அதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.” வீட்டிலிருந்து துறைமுகம் வரை போய்வரும் செலவையும், கரையில் ஊர் சுற்றும் செலவையும் நீங்களே அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தத் தொகையை மாதாமாதம் ஒதுக்கிச் சேருங்கள்; அல்லது நம்பிக்கையானவர்களுடன் கூட்டுப் பிடித்துச் சேருங்கள். ஓராண்டு தள்ளிப் போனாலும் பரவாயில்லை. வட்டி முதலைகளிடம் கைநீட்டியோ, முதுமைக்கென்று இருக்கும் சேமநிதிப் பணத்தைக் கரைத்தோ போக வேண்டாம். நாம் கப்பலேறலாம், நம் மானம் கப்பலேறக் கூடாது.

யாரிடம் பணம் கட்டுவது?

மலேசியாவில் சுற்றுலா முகவர்கள் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். தெரிந்தவர், உறவுக்காரர் என்று தனியாள் வங்கிக் கணக்கில் பணம் போடாதீர்கள். நிறுவனத்தின் கணக்கில் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பயணத்தை ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்க அந்தத் தொகை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

கடப்பிதழும் பெயரும்

கப்பல் எங்குமே நிற்காமல் கடலைச் சுற்றி வந்தாலும் கடப்பிதழ் கேட்பார்கள். பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதத்துக்கு அது செல்லுபடியாக வேண்டும். சிறுவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் தனித்தனிக் கடப்பிதழ் தேவை. பிறப்புப் பத்திரத்தோடு தாயோ தந்தையோ உடன் சென்று குடிநுழைவுத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியோடு பிள்ளைகளை அனுப்புவதென்றால், பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்குமா என்று முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் குடும்பங்கள் சிலவற்றில் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே. அப்படிப்பட்ட பாட்டியையோ தாத்தாவையோ “வாருங்கள், கூட்டிப் போகிறோம்” என்று ஆசை காட்டிவிட்டு, பணம் கட்டிய பிறகு கையைப் பிசைவது பெரிய பாவம். முதலில் குடிநுழைவுத் துறையில் விசாரியுங்கள்; பிறகு அவர்களிடம் பேச்செடுங்கள். அதே போல், பிறருக்குக் கடன் ஜாமீன் கொடுத்து அதனால் திவாலானவர்களாக அறிவிக்கப்பட்டவர்கள் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற முடியாது.

பயணச் சீட்டில் பெயர் கடப்பிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் பெயர்களில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ குறிப்புகளும், வீட்டில் அழைக்கும் பெயரும் குழப்பத்தை உண்டாக்கும். முகவரிடம் வாயால் சொல்லாமல் கடப்பிதழின் நகலையே கொடுங்கள்.

சிங்கப்பூரில் கப்பலேறுவதானால், அங்குச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். மெல்லும் புகையிலைக்கும் மின் சிகரெட்டுக்கும் சிங்கப்பூரில் தடை உண்டு. வெற்றிலைப் பெட்டியில் புகையிலை இருந்தால் பாட்டி அதை வீட்டிலேயே விட்டு வரட்டும்.

எந்த அறை?

சன்னலில்லா உள்ளறை, சன்னல் அறை, முகப்புத் திண்ணை உள்ள அறை என்று வகை வகையாக உண்டு. உள்ளறையே மலிவு. பகலெல்லாம் மேல்தளத்தில்தானே இருக்கப் போகிறோம்? உறங்க மட்டும் அது போதும். தலைசுற்றல் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்கலாம். ஊஞ்சலின் நடுவைப் போல அங்கு ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் போது தென்சீனக் கடல் கொந்தளிக்கும். முதல் பயணத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

கருவுற்ற பெண்களை 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையையும் பல கப்பல்கள் ஏற்பதில்லை. சைவ உணவு வேண்டுமானால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பயணக் காப்புறுதியும் எடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் அது அரசாங்க மருத்துவமனை அன்று. பார்த்த பார்வைக்கெல்லாம் பணம் கட்ட வேண்டும்.

பெட்டியில் என்ன இருக்கலாம்?

சோற்றுப் பானை, மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. கத்திக்கும் அனுமதி இல்லை. கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, விளக்கு எதுவும் கூடாது. கடல் நடுவே தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். சமைத்த உணவையும் பெரும்பாலும் விடமாட்டார்கள். சாமி கும்பிடுவதற்கு ஒரு சிறு படமும் திருநீற்றுப் பொட்டலமும் போதும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே கடப்பிதழ், பணம், இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மருந்து, குழந்தையின் பால்மாவு, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். மருந்தைப் பயண நாட்களுக்கு மேல் இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் புறப்படும் நேரம் வேறு, வாசல் மூடும் நேரம் வேறு. ஒரு மணி நேரத்துக்கு முன்பே, சிலவற்றில் அதற்கும் முன்னே, மூடிவிடுவார்கள். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருவோர் முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்கிவிடுவது உத்தமம்.

ஏறியதும் முதல் வேலை

ஏறியதும் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்கு ஓடுவார்கள். பெரியவர்கள் சாப்பாட்டு மண்டபத்தைத் தேடுவார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அதுதான் ஆபத்துக்காலப் பயிற்சி. எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படி அணிய வேண்டும் என்று காட்டுவார்கள். ஏழு குறும் ஒலியும் ஒரு நெடிய ஒலியும் கேட்டால் அது ஆபத்து அறிவிப்பு.

இதை விளையாட்டாக எண்ணாதீர்கள். 2012 ஜனவரி 13-ஆம் தேதி இத்தாலியில் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ என்ற பெரிய உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அன்றுதான் ஏறிய பல நூறு பயணிகளுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அந்தத் துயரத்துக்குப் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று அனைத்துலக விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. மொழி புரியாத பாட்டிக்கு நீங்கள் பக்கத்தில் நின்று விளக்குங்கள். அறையிலிருந்து அந்த இடத்துக்குப் படிக்கட்டு வழியாகக் குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஒரே அட்டைதான் சாவியும் பணப்பையும்

கப்பலில் ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அறைச் சாவி, அடையாளக் கார்டு, பணப்பை எல்லாம் அதுவே. கையிலிருந்து காசு போகாததால் செலவாவது தெரியாது, ஆபத்தே அங்குதான். பொது உணவு மண்டபங்களில் சாப்பாடு, மேடை நிகழ்ச்சி, நீச்சல் குளம் ஆகியவை பெரும்பாலும் கட்டணத்தில் அடங்கும். குளிர்பானம், மதுபானம், தனி உணவகம், புகைப்படம், இணையம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். “இது கட்டணத்தில் சேர்ந்ததா?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கணக்கு சிங்கப்பூர் வெள்ளியிலா, அமெரிக்க டாலரிலா என்றும் பாருங்கள். நம் வெள்ளியென்று எண்ணிக் கையெழுத்துப் போட்டால் பிறகு வருந்த நேரிடும். ஒவ்வோர் இரவும் கணக்கைப் பார்த்து வாருங்கள்.

கைத்தொலைபேசியை ஏறியவுடன் ‘விமானப் பயண’ நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றிக்கொண்டால் கட்டணம் எகிறும். சூதாட்டக் கூடத்தைப் பற்றியும் ஒரு சொல். கப்பல் கரையை விட்டு விலகியதும் அது திறந்துவிடும். ‘சும்மா ஒரு கை பார்ப்போம்’ என்று நுழைந்து, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை விட்டுவிட்டு வருவதற்கா கடலைத் தாண்டுகிறோம்? அந்த வாசல் நமக்கு வேண்டாம்.

கடல் மயக்கம் வந்தால் வயிற்றைக் காயப் போடாமல், நிரப்பவும் செய்யாமல், இலேசாகச் சாப்பிடுங்கள். வெளித்தளத்துக்குப் போய்த் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். இஞ்சி மிட்டாய் உதவும். மாத்திரை என்றால் ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும். அது தூக்கத்தைக் கொடுக்கும். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகத் தங்குமிடத்தில் வயிற்றுப்போக்கு எளிதில் பரவும். சாப்பிடுமுன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுங்கள்.

கப்பல் காத்திருக்காது

துறைமுகத்தில் இறங்கும்போது, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று அறிவிப்பார்கள். தாய்லாந்தின் நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. புக்கெட்டில் இறங்கினால் உங்கள் தொலைபேசி தானாக அந்த நாட்டு நேரத்துக்கு மாறிவிடலாம். கப்பலோ நம் நேரத்திலேயே இயங்கக்கூடும். தொலைபேசி மூன்று மணி காட்டும்போது கப்பலில் நான்கு ஆகியிருக்கும்! கப்பல் நேரம் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். தனியாக ஊர் சுற்றப் போய்த் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் சொந்தச் செலவில்தான் போக வேண்டும்.

கடைசி இரவு

பெட்டிகளைக் கடைசி இரவில் அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் கரையில்தான் அவை கிடைக்கும். கடப்பிதழையும் மருந்தையும் அவற்றோடு அனுப்பிவிடாதீர்கள். காலையில் உடுத்தும் துணி, செருப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பெட்டியை மூடுங்கள். இல்லாவிட்டால் இரவு உடையோடு சிங்கப்பூரில் இறங்க நேரிடும்! பிறகு கணக்குச் சீட்டை வரி வரியாகப் படியுங்கள். நீங்கள் வாங்காத பொருள் ஏதும் அதில் இருந்தால் இறங்குமுன்னே முகப்பில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். கரைக்கு வந்தபின் திருத்துவது கடினம்.

பணம், பத்திரம், உடல்நலம், நேரம் என்ற நான்கையும் வீட்டிலேயே சரிபார்த்தவர்களுக்குக் கப்பலில் மீதி வேலை ஒன்றே. பிள்ளைகளோடு மேல்தளத்தில் நின்று கடலைப் பார்ப்பதுதான் அது. பாட்டியும் பக்கத்தில் இருந்தால், அவருடைய பெற்றோர் இந்தக் கடலைக் கடந்து வந்த கதையைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. சென்று வாருங்கள்!