லிஸ்பன் நகரத்துக் கார்மோ தேவாலயம்

போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனிலே, ரொசியோச் சதுக்கத்திற்கு மேலாக எழுந்த குன்றின் மீது கூரையற்ற தேவாலயம் ஒன்று உளது. கார்மேல் சபைத் துறவியரின் மடத்தைச் சார்ந்திருந்த அதனைக் கார்மோ என அழைப்பர். அதன் நடுக்கூடத்திலே ஒன்றையும் தாங்காது வானத்தின் கீழ் வளைந்து நிற்கும் கல்வளைவுகளைக் காண்போர், அவை மத்திய காலத்தன என்றே எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது.

இத்தேவாலயம் 1389 இல் நூனோ ஆல்வரெஸ் பெரெய்ராவினால் நிறுவப்பட்டது. 1385 இல் அல்சுபரோட்டாப் போரிலே கஸ்தீலியப் படையை முறியடித்து, முதலாம் யோவான் மன்னனின் அரியணையை நிலைபெறச் செய்த படைத்தலைவர் இவர். பின்னர் 1423 இல் உலகியலைத் துறந்து தாம் கட்டுவித்த மடத்திலேயே எளிய சகோதரராய் வாழ்ந்து, 1431 இல் இறந்தார். 2009 இல் திருச்சபை இவரைப் புனிதர் என அறிவித்தது. இவர் மகளின் வழித்தோன்றியதே பிரகன்சாக் குடும்பம். 1560 இல் யாழ்ப்பாணத்தின்மீது படைகொண்டு வந்த இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சாவும் அக்குடும்பத்தினனே என்பது நம் நாட்டு வரலாறு கற்போர் அறியத்தக்கது.

கோதிக் முறைக் கட்டடத்திலே கூரையின் பாரத்தைச் சுவர் முழுவதும் தாங்குவதில்லை. கூரிய வளைவுகளும் விலா எலும்பு போன்ற கல்வரிகளும் அப்பாரத்தைத் திரட்டித் தூண்களிற் சேர்ப்பன. புறத்தே தள்ளும் விசையை உதைசுவர்கள் தடுப்பன. இவ்வுறுப்புக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஆதலின் ஒன்று நிலைகுலையின் ஏனையவும் உடன் வீழ்தல் கூடும்.

1755 நவம்பர் 1 ஆம் நாள் காலை, சகல புனிதர் திருநாளன்று, லிஸ்பனை நிலநடுக்கம் தாக்கியது. திருநாளாதலின் நகரத்துத் தேவாலயங்களெல்லாம் நிறைந்திருந்தன. கார்மோவின் கூரை வழிபடுவோர்மீது வீழ்ந்தது. நடுக்கத்தைத் தொடர்ந்து பரவிய தீ, மடத்தின் நூல்நிலையத்தையும் உண்டது. பீடப்பகுதியும் அதன் அருகுச் சிற்றாலயங்களும் மேற்கு வாயிலும் ஒருவாறு எஞ்சின.

1756 இல் மீளக்கட்டும் பணி தொடங்கியது. நகரின் தாழ்ந்த பகுதியைப் புதிய முறையில், நேரிய தெருக்களோடு அமைத்த அக்காலத்திலே, இங்குமட்டும் பழைய கோதிக் வடிவத்தையே பின்பற்றினர். இன்று நாம் காணும் நடுக்கூடத்துத் தூண்களும் வளைவுகளும் அப்பணியிலே எழுந்தவை. பழைமையைப் போற்றிய ஒரு பிற்காலத்தவரின் கைவேலை இது. பாழடைந்த மத்திய காலக் கட்டடம் என்பதினும், முற்றுப்பெறாத பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம் என்பதே இந்நடுக்கூடத்திற்கு ஏற்ற பெயராம். எமது கருத்தில், அதனாற் கார்மோவின் சிறப்புக் குன்றுவதில்லை, கூடுகின்றது.

1834 இல் போர்த்துக்கல் அரசு துறவியர் சபைகளைக் கலைக்கவே, கூரை வேயுமுன்னரே வேலை நின்றது. மடத்தின் கட்டடம் படையினர் வசமாயிற்று. 1974 ஏப்பிரல் 25 இல் பிரதமர் மார்செலோ கயெத்தானோ புரட்சிப் படையினர்க்குப் பணிந்தது அங்கேதான். தேவாலயத்தையோ பின்வந்தோர் முடிக்க விரும்பினாரல்லர். சிதைவின் அழகைப் போற்றும் மனப்பாங்கு ஐரோப்பாவிற் பரவியிருந்தது. 1864 இல் தொல்பொருளாளர் சங்கத்தினர் அங்கு அரும்பொருட்சாலை நிறுவினர். நாடெங்கும் கைவிடப்பட்ட மடங்களிலிருந்து கொணர்ந்த கல்லறைகளும் கற்சிற்பங்களும் அங்கே இடம்பெற்றன. கூரை எஞ்சிய பீடப்பகுதியும் அதன் சிற்றாலயங்களும் இன்று காட்சிக்கூடங்களாக விளங்குகின்றன. நடுக்கூடத்தில் மழை பெய்கின்றது.