தோள்மேல் ஏறும் தோணி

கனடாவும் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலமும் சந்திக்கும் எல்லையில், காட்டினிடையே ஆயிரக்கணக்கான ஏரிகள் உள்ளன. அங்கே தோணிப் பயணம் செல்லும் முதியோரைச் சோதிப்பது துடுப்பன்று. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடைப்பட்ட நிலமே. தோணியைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றி, கல்லும் வேரும் மிகுந்த ஒற்றையடிப் பாதையில் நடத்தல் வேண்டும். 17 அடி நீள அலுமினியத் தோணி ஏறத்தாழ 75 இறாத்தல் நிறையுடையது. கெவ்லார் இழையாலானது 45 இறாத்தல் அளவே, விலைதான் கனம்!

தோணி இலேசானாலும் தொடைத்தசை தளர்ந்திருப்பின் பயனில்லை. வயதேறத் தசை குன்றுதல் இயல்பு. ஆயினும் 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோரும் எட்டு வார எடைப் பயிற்சியால் கால்வலிமை மிகப் பெற்றனர். ஆதலின், கோடைப் பயணத்துக்குப் பனிக்காலத்திலேயே பயிற்சியைத் தொடங்குதல் நன்று: சுமையுடன் படியேறுதல், ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுதல் ஆகியன போதும். பயணத்தின்போது மூட்டையை ஒருமுறையும் தோணியை மறுமுறையும் சுமப்பதில் இழுக்கில்லை. பாதையை மும்முறை நடக்க நேரிடும், முழங்கால் தப்பும்.