உழவு இயந்திரத்தின் வலு விட்டுவிட்டுக் குறைதல்

பெரும்போகத்தின் முதல் மழை பெய்து நிலம் பதப்பட்டிருக்கும் சில நாட்களே புழுதி விதைப்புக்கு வாய்ப்பானவை. அந்நாட்களிற் கமக்காரர் பலர் எம்மிடம் கொண்டுவரும் முறைப்பாடு ஒன்றுண்டு. காலையில் உழவு இயந்திரம் நன்றாகவே வேலை செய்கின்றது. அரைமணி நேரம் சென்றபின் வலுக் குறைந்து, கலப்பையை இழுக்கமாட்டாது தள்ளாடி, ஈற்றில் நின்றுவிடுகின்றது. சற்று ஓய்வு கொடுத்துத் திரும்ப இயக்கினால் ஒன்றும் நடவாததுபோல் ஓடுகின்றது. பின்னும் அரைமணியில் அதே நிலை.

இத்தகைய கோளாறு கண்டவுடன் பீச்சுப் பம்பியின்மீதே பழியைப் போடுவது பலரின் வழக்கம். வன்னியில் நான் கடமையாற்றிய காலத்தில் ஒரு கமக்காரர் அவ்வாறே பம்பியைக் கழற்றிப் பட்டினத்துத் திருத்தகத்துக்கு அனுப்பினார். பம்பி பழுதுபார்க்கப்பட்டு வந்தது, கோளாறு போகவில்லை. நொசில்கள் மாற்றப்பட்டன, அப்போதும் போகவில்லை. இதற்கிடையில் மழை வலுத்து வயலில் நீர் நின்றுவிட்டது; புழுதி விதைப்புக்கு ஆயத்தஞ் செய்த விதைநெல் வீட்டிலேயே கிடந்தது. பின்னர் நான் சென்று பார்த்தபோது, எண்ணெய்த் தாங்கியின் மூடியிலுள்ள சிறு காற்றுத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கக் கண்டேன். ஈர்க்கினாற் குத்தித் துப்புரவாக்கியதும் இயந்திரம் மாலைவரை நில்லாது ஓடிற்று. அவர் செலவிட்ட பணத்தை எண்ணி நான் பட்ட வருத்தமே இப்பிரசுரத்தை எழுதத் தூண்டியது.

இங்கு முதலிற் சிந்திக்கவேண்டியது ஒன்றே. தேய்ந்த பிஸ்டன் வளையமோ, தேய்ந்த வால்வோ பத்து நிமிட ஓய்விற் குணமடைவதில்லை. அவ்வகைப் பழுது என்றும் ஒரே அளவில் வலுவைக் குறைத்துக்கொண்டேயிருக்கும். ஓய்வு கொடுத்தாற் சீராகும் கோளாறு பெரும்பாலும் எண்ணெய் வரும் வழியிலேயே இருக்கும். ஆதலின் தாங்கியில் தொடங்கி, எண்ணெய் செல்லும் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லுக. பம்பியைக் கழற்றுவது கடைசி வேலை.

வழியிற் சிறு தடையும் பெருங் கேடு செய்வது ஏன் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று சிலிண்டர் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு நொசிலும் விநாடிக்கு 15 முறை எண்ணெய் பீச்சுகின்றது; மூன்றும் சேர்ந்து 45 முறை. மணித்தியாலத்துக்கு 6 லீற்றர் செலவாகுமாயின், ஒருமுறை பீச்சப்படுவது ஒரு மில்லிலீற்றரில் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு. இத்துணைச் சிறிய அளவோடு ஒரு காற்றுக் குமிழி கலந்தாலும் அம்முறை வெடிப்பு நிகழாது போகும்.

வலுக் குறையும் அந்த வேளையிற் புகைபோக்கியைப் பார்க்க மறவாதீர்கள். புகை கறுத்து வந்தால் எண்ணெய் வருகின்றது, காற்றுப் போதவில்லை, அல்லது சுமை மிகுதி என்பது பொருள். புகையே இல்லாமல் எஞ்சின் சோர்ந்தால் எண்ணெய் போதவில்லை. வெண்புகை விட்டு உதறுமாயின் எண்ணெயில் நீரோ காற்றோ கலந்திருக்கலாம். இனி, எஞ்சினின் ஒலி குறையாமல் வண்டி மாத்திரம் நிற்குமானால் கோளாறு எஞ்சினில் இல்லை, கிளச் வழுக்குகின்றது.

தாங்கியின் மூடியைச் சோதித்தல் மிக எளிது. பத்து லீற்றர் எண்ணெய் வெளியேறினால் பத்து லீற்றர் காற்று உள்ளே வரவேண்டும். துளை அடைபட்டிருந்தால் தாங்கியினுள் வெற்றிடம் தோன்றி எண்ணெயைப் பிடித்து நிறுத்துகின்றது. வலுக் குறையத் தொடங்கியதும் மூடியை மெல்லத் தளர்த்துக. "உஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, எஞ்சின் தேறினால் காரணம் கிடைத்துவிட்டது. மூடி தொலைந்தபின் துளையில்லாத வேறொரு மூடியைப் பொருத்தி வைத்திருப்போரையும், தூசிக்கு அஞ்சிப் பொலித்தீன் சுற்றிக் கட்டியிருப்போரையும் கண்டிருக்கிறேன், பயன் ஒன்றே.

இரண்டாவது, தாங்கியினுள்ளே கிடக்கும் பொருள். சருகு, துணித்துண்டு, போத்தல் மூடியின் தக்கை முதலியன எண்ணெயோட்டத்தால் இழுபட்டு வாயை மூடும்; எஞ்சின் நின்றதும் இழுவை நீங்கி மிதந்து விலகும். ஓய்வு கொடுத்தாற் சீராவதன் மருமம் இதுவே. தாங்கி எஞ்சினுக்கு மேலே அமைந்த இயந்திரங்களில், குழாயைக் கீழ்முனையிற் கழற்றி ஒரு வாளியில் எண்ணெயை ஓடவிட்டுப் பாருங்கள். முதலிற் பெருகி ஓடிப் பின்னர் நூலாக மெலிந்தால், தாங்கியை வடித்துக் கழுவ வேண்டும்.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கிடைத்த டீசலைக் கலன்களிலும் பரல்களிலும் சேமித்து வைத்தவர் பலர். சேமிக்கும் பழக்கம் தவறன்று. ஆனால் பாதி நிறைந்த பரலினுள் இராக்குளிரில் ஈரம் வியர்த்து, நீராய் அடியிற் தங்கும். டீசலிலும் நீர் கனமானது. அந்நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து, சளி போன்ற கறுத்த மண்டியை உண்டாக்கும். அது வடிகட்டியை விரைவில் அடைக்கும். ஆதலின் பரலை அசையாது வைத்து, அடியில் நாலு விரற்கடை எண்ணெயை விட்டு மேலுள்ளதையே எடுத்து, துணியிட்ட புனலால் வார்க்க வேண்டும். இயந்திரத்தின் தாங்கியை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்பி வைத்தல் நன்று. காலையில் நிரப்புவதால் இந்த ஈரம் தடுக்கப்படுவதில்லை. வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் நீர் தெரிந்தால் உடனே வடித்துவிடுக. வடிதாளைக் கழுவித் திரும்பப் போடுதல் கூடாது, அது சிக்கனமன்று.

காற்றுக் கசிவு கண்டுபிடிக்கக் கடினமானது. ஊட்டுப் பம்பிக்கு முன்னுள்ள குழாயில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே இழுபடலாம். வரம்பு ஏறும்போதும், தாங்கியில் எண்ணெய் குறைந்தபோதும் மாத்திரம் வலுக் குறைந்தால் இதனை ஐயுறுக. அக்குழாயின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தெளிவான பிளாஸ்ரிக் குழாயைச் சோதனைக்காகச் சிறிது நேரம் பொருத்தினாற் குமிழிகள் கண்ணுக்குப் புலப்படும்.

ஊட்டுப் பம்பியின் இரப்பர்த் தகடு கிழிந்தாலும் வலுக் குறையும். இதிற் பெரிய ஆபத்தொன்றுண்டு. சில எஞ்சின்களில் டீசல் அக்கிழிசல் வழியாக எஞ்சின் ஒயிலுடன் கலந்துவிடும். அளவுகோலில் ஒயில் மட்டம் உயர்ந்து, டீசல் மணம் வீசினால், ஒயிலை மாற்றிப் பம்பியைத் திருத்தும்வரை எஞ்சினை இயக்கவே கூடாது. ஒயில் குறையவில்லையே என மகிழ்ந்து ஓட்டியவர் ஒருவர், பின்பு எஞ்சினை முழுவதும் கழற்ற நேர்ந்தது.

கறும்புகை வந்தாற் பார்க்கவேண்டியது காற்று வடிகட்டி. புழுதி உழவின்போது எண்ணெய்க் கிண்ண வடிகட்டியை நாள்தோறும் திறந்து பார்த்து, சேறு படிந்திருந்தால் எண்ணெயை மாற்றுக.

இவை யாவும் செவ்வையாக இருந்தும் கோளாறு நீங்காதாயின், அப்போது பீச்சுப் பம்பியை ஐயுறலாம். தேய்ந்த பம்பி சூடேறியதும் சோர்ந்து, நின்றபின் ஆறும்வரை இயங்க மறுப்பதுண்டு. பம்பியின்மேல் ஈரத்துணி போட்டுக் குளிரச்செய்ததும் இயங்குமானால், அதனைத் தகுந்த திருத்தகத்துக்கு அனுப்புவதே முறை.

குழாய் எதனைக் கழற்றினாலும் பின்னர்க் காற்றை வெளியேற்ற வேண்டும். வடிகட்டியின் மேலுள்ள ஆணியைத் தளர்த்தி, ஊட்டுப் பம்பியின் கைப்பிடியை அசைத்து, குமிழியற்ற எண்ணெய் வரும்வரை காத்திருந்து இறுக்குக. அடுத்துப் பீச்சுப் பம்பியின் ஆணிகளிலும் அவ்வாறே செய்க. கைப்பிடி அசைந்தும் எண்ணெய் வராவிடின் பம்பி பழுதென முடிவு கட்டாது, எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் முயல்க. உள்ளிருக்கும் கம் மேடேறி நிற்கும்போது கைப்பிடி வேலை செய்யாது. எஞ்சின் ஓடும்போது நொசிலின் கசிவை விரலால் ஒருபோதும் தொட்டுப் பார்க்கலாகாது. அவ்வழுத்தத்திற் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துத் தசையினுட் புகும். காயம் ஊசிமுனையளவே தோன்றினாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.