விந்துக்கொடை மருத்துவத்தின் வெற்றிக் கணக்கு

மகப்பேறு வாயாதவிடத்து மனையாளையே மலடியெனத் தூற்றுதல் நம் நாட்டின் பழைய வழக்கம். வைகைக் கரையிலுள்ள பரவை முதலிய ஊர்களிலும் இவ்வசைச்சொல்லைக் கேளாதார் இலர். குறை கணவனிடத்தும் இருத்தல் கூடும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. அவன் விந்தில் உயிரணு அறவே இல்லையாயின், பிறனொருவன் அளித்த விந்தை மனைவியின் கருவாயிலிலேனும் கருப்பையிலேனும் செலுத்திக் கருவுறச் செய்தல் ஒரு முறை. அதுவே விந்துக்கொடை மருத்துவம்.

இதன் வெற்றி எத்துணைத்து? பிரெஞ்சு நாட்டில் இத்தகைய கணவரையுடைய 2193 பெண்டிரை ஆராய்ந்து 1982-இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். பன்னிரு மாதச்சுற்று முயன்றால், 25 வயதுக்கு உட்பட்டோருள் நூற்றுக்கு 73 பேரும், 26 முதல் 30 வரையினருள் 74 பேரும், 31 முதல் 35 வரையினருள் ஏறக்குறைய 62 பேரும், அதற்கு மேற்பட்டோருள் 54 பேரும் கருவுறுவர் என்பது அக்கணக்கு. நம் ஊரில் மலடியெனப் பெயர் பெற்றிருக்கக்கூடிய பெண்டிர் இவர்!

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இவ்வெண்கள் ஒரு முறை முயற்சிக்கு உரியன அல்ல; பன்னிரு முயற்சியின் தொகை. மாதந்தோறும் நூற்றுவருள் பதின்மரே கருவுறுவர் எனக் கொள்வோம். எஞ்சியோருள்ளும் அடுத்த மாதம் பத்திலொரு பங்கினர் கருவுறுவர். இங்ஙனமே செல்லின் ஆண்டிறுதியில் ஏறக்குறைய 72 பேர் பயனெய்துவர். ஆகலின் வெற்றி விழுக்காடு கூறுவாரை, "எத்தனை முறைக்கு? எவ்வயதினர்க்கு? கருவுற்ற கணக்கோ, மகவு பிறந்த கணக்கோ?" என வினவுதல் வேண்டும். கருவுற்றோர் எல்லாரும் மகப்பெறுதல் இல்லை. இவ்வேறுபாடு அறியாதார் முதல் மாதத் தோல்வியிலேயே மனமுடைந்து மீள்வர்.

நிற்க. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்துகின்றது. விந்தளிப்போன் 21 முதல் 55 வயதிற்கு உட்பட்டவனாதல் வேண்டும். தொற்றுநோய்ச் சோதனைக்கு உட்படல் வேண்டும். அவன் கொடை ஒரு தம்பதியர்க்கே உரியது. பிறக்கும் மகவு அத்தம்பதியரின் மகவேயாம். அளித்தோனுக்கு அதன்பால் யாதோர் உரிமையுமில்லை.

கணவன் தன்னைச் சோதித்துக்கொள்ள நாணி ஆண்டுகளைக் கழிப்பானாயின், மனைவியின் வயதும் வாய்ப்பும் உடன் கழியும். சீலோவின் ஆலயத்தில் அன்னாள் வடித்த கண்ணீரை வேதத்திற் பயின்ற நாம், அக்கண்ணீரை நம் அயல்வீட்டுப் பெண்டிர்க்கு வருவியாதிருப்போமாக.