தனியாகப் பறக்கும் முதல் நாள்

வானத்தில் தடதடவென்று சத்தம் கேட்கிறது. வயலில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் தெருவுக்கு ஓடி வருகிறார்கள். ஹெலிகாப்டர் போகிறது.

அதை ஓட்டுபவரும் ஒரு நாள் மாணவராக இருந்தவர்தான். முதலில் அவர் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். தவறு செய்தால் உடனே திருத்தினார். பிறகு ஒரு நாள் பயிற்சியாளர் இறங்கிக்கொண்டார். மாணவர் மட்டும் தனியாகப் பறந்தார். இந்தப் பறப்புக்கு 'சோலோ' என்று பெயர். தனிப் பறப்பு என்று பொருள்.

பக்கத்தில் யாரும் இல்லை. நடுவானில் நிறுத்தி இறங்கி யாரையும் கேட்க முடியாது. அந்த நாளுக்கு ஒருவர் எப்படித் தயார் ஆகிறார்? அதைப் பார்ப்போம்.

எங்கே கற்றுத் தருகிறார்கள்?

நம் நாட்டில் முப்படைகளும் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத் தருகின்றன. விமானப் படையின் பயிற்சிப் பள்ளி தெலங்கானாவில், ஹக்கீம்பேட்டையில் இருக்கிறது. தரைப்படையின் பள்ளி மகாராஷ்டிரத்தில், நாசிக்கில் இருக்கிறது. கடற்படையின் பள்ளி தமிழ்நாட்டில், அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இருக்கிறது. படையில் சேராதவர்களும் கற்கலாம். அவர்களுக்குத் தனிப் பயிற்சி நிலையங்கள் உண்டு.

பல ஆண்டுகளாக நம் மாணவர்கள் 'சேட்டக்' என்ற ஹெலிகாப்டரில் கற்று வந்திருக்கிறார்கள். இது பிரான்சு நாட்டு வடிவம். பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். தொழிற்சாலை இதை இங்கேயே செய்தது. வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் 'ராபின்சன் ஆர் 22' என்ற சிறிய ஹெலிகாப்டர் உண்டு. அதில் இரண்டே இருக்கைகள்தான்.

பெண்களும் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார்கள். 1999-இல் கார்கில் போர் நடந்தது. அப்போது குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் என்ற இரண்டு பெண் விமானிகள் அங்கே ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். 2022-இல் கேப்டன் அபிலாஷா பராக் தரைப்படையின் விமானப் பிரிவில் முதல் பெண் போர் விமானி ஆனார். அவர் பயிற்சி பெற்றது நாசிக்கில்.

இரண்டு கை, இரண்டு கால்

சைக்கிள் ஓட்ட இரண்டு கை, இரண்டு கால் வேண்டும். ஹெலிகாப்டருக்கும் அப்படித்தான். ஆனால் இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

இடது கையில் ஒரு நெம்புகோல். இதற்குக் 'கலெக்டிவ்' என்று பெயர். இதை உயர்த்தினால் ஹெலிகாப்டர் மேலே எழும். தாழ்த்தினால் கீழே இறங்கும்.

வலது கையில் ஒரு கோல். இதற்குச் 'சைக்ளிக்' என்று பெயர். முன்னே சாய்த்தால் முன்னே போகும். பின்னே சாய்த்தால் பின்னே போகும். பக்கவாட்டிலும் அப்படியே.

கால்களில் இரண்டு மிதிகள். அவை வாலில் உள்ள சிறிய விசிறியை இயக்கும். அந்தச் சிறிய விசிறி எதற்கு? மேலே உள்ள பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றுகிறது. அப்போது ஹெலிகாப்டரின் உடல் எதிர்ப் பக்கம் சுற்றப் பார்க்கும். வால் விசிறிதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. வால் விசிறி இல்லாவிட்டால் ஹெலிகாப்டர் பம்பரம் போலச் சுழலும்.

இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று கட்டுப்பட்டவை. இடது கையை உயர்த்தினால் காலையும் மாற்ற வேண்டும். காலை மாற்றினால் வலது கையும் சற்று அசைய வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

நின்ற இடத்தில் நிற்பது

பறப்பதில் எது கடினம்? வேகமாகப் போவதா? உயரத்தில் போவதா? இரண்டும் இல்லை. தரையிலிருந்து சில அடி உயரத்தில் அசையாமல் நிற்பதுதான் கடினம்.

தொடக்கத்தில் எந்த மாணவருக்கும் இது வராது. ஹெலிகாப்டர் முன்னே ஓடும். மாணவர் கோலைப் பின்னே இழுப்பார். அது பின்னே ஓடும். மறுபடி முன்னே தள்ளுவார். ஊஞ்சல் போல ஆட்டம் பெருகும். பயிற்சியாளர் கை கொடுத்து நிறுத்துவார்.

மாணவர் செய்யும் தவறு என்ன? அதிகமாக அசைப்பதுதான். கோலை இறுகப் பிடிக்கக் கூடாது. மெல்லப் பிடிக்க வேண்டும். அசைவு கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்க வேண்டும். பார்வை மூக்கின் முன்னால் இருக்கக் கூடாது. தூரத்தில் உள்ள மரத்தையோ கட்டடத்தையோ பார்க்க வேண்டும். பல மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு ஒரு நாள் ஹெலிகாப்டர் அசையாமல் நிற்கும். அது எப்படி வந்தது என்று மாணவருக்கே சொல்லத் தெரியாது. சைக்கிள் பழகியவர்களுக்கு இது புரியும்.

எஞ்சின் நின்றுவிட்டால்?

பலரும் கேட்கும் கேள்வி இது. எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல் போல விழுந்துவிடுமா? விழாது. விமானி சரியாகச் செய்தால் பத்திரமாக இறக்கலாம்.

பிள்ளைகள் பனை ஓலையில் காற்றாடி செய்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். காற்று பட்டுக் காற்றாடி சுற்றும். அதற்கு எஞ்சின் உண்டா? இல்லை. ஹெலிகாப்டரிலும் இதுதான் நடக்கிறது. அது கீழே இறங்கும்போது காற்று கீழிருந்து மேலே பாய்கிறது. அந்தக் காற்றே பெரிய விசிறியைச் சுற்ற வைக்கிறது. தரை நெருங்கும்போது விமானி மூக்கைச் சற்று உயர்த்தி வேகத்தைக் குறைப்பார். பிறகு கலெக்டிவ் கோலை உயர்த்துவார். விசிறியில் மிச்சம் இருக்கும் சுழற்சி ஹெலிகாப்டரைத் தாங்கி மெல்ல இறக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சின் நின்ற உடனே கலெக்டிவ் கோலைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தாவிட்டால் விசிறியின் வேகம் குறைந்துவிடும். மிகவும் குறைந்துவிட்டால் அந்த வேகம் திரும்ப வராது. சிறிய ஹெலிகாப்டரில் இதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடிதான். யோசிக்க நேரம் இல்லை. கை தானாகச் செய்ய வேண்டும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். இது வராத மாணவரைத் தனியாக அனுப்ப மாட்டார்கள்.

தாளும் கையெழுத்தும்

கை பழகினால் மட்டும் போதாது. மருத்துவர் மாணவரின் கண், காது, இதயம் எல்லாம் சோதிப்பார். வான் விதிகளில் தேர்வு உண்டு. வானொலியில் பேசும் முறை தெரிய வேண்டும். படையில் சேராத மாணவர் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி மாணவர் உரிமம் பெற வேண்டும். பிறகு இதையே தொழிலாகச் செய்ய விரும்பினால் வேறு உரிமம் வேண்டும். அதற்கு 18 வயது நிறைய வேண்டும். 12-ஆம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும்.

கடைசியாக வேண்டியது பயிற்சியாளரின் கையெழுத்து. 'இவர் தனியாகப் பறக்கலாம்' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது சாதாரணக் கையெழுத்து இல்லை. ஓர் உயிருக்குப் பொறுப்பு ஏற்கும் கையெழுத்து.

படித்துப் பார், பிறகு தொடங்கு

ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் மாணவர் ஹெலிகாப்டரைச் சுற்றி வருவார். விசிறியில் வெடிப்பு இருக்கிறதா? எண்ணெய் கசிகிறதா? மூடிகள் இறுக மூடி இருக்கின்றனவா? விசிறியைக் கட்டி வைத்த கயிற்றை அவிழ்த்தாயிற்றா?

சிறிய ஹெலிகாப்டரில் எரிபொருளையும் சிறிது பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தாலும் அப்படித்தானே தங்கும்? தண்ணீர் கலந்த எரிபொருள் எஞ்சினை நிறுத்திவிடும்.

பிறகு இருக்கையில் அமர்வார். ஓர் அட்டையைக் கையில் எடுப்பார். என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதி இருக்கும். ஒவ்வொரு வரியாகப் படிப்பார். படித்ததைச் செய்வார். பிறகு அடுத்த வரிக்குப் போவார்.

நூறு முறை செய்தவருக்கு எல்லாம் மனப்பாடம் ஆகி இருக்காதா? ஆகி இருக்கும். ஆனாலும் படித்துத்தான் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரும் அப்படித்தான் செய்கிறார். மனம் அவசரப்படும். ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போய்விடும். எழுதி வைத்த எழுத்து தாண்டாது.

வேண்டாம் என்று சொல்லலாம்

தனியாகப் பறக்கும் நாளை எல்லா மாணவரும் ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். கூடப் படிப்பவர் போய் வந்துவிட்டால் அவசரம் இன்னும் கூடும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

இரவு சரியாகத் தூங்காதவர் பறக்கக் கூடாது. சளிக்கு மாத்திரை போட்டவர் பறக்கக் கூடாது. சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். மூக்கு அடைத்திருந்தால் உயரம் மாறும்போது காது கடுமையாக வலிக்கும். வீட்டில் துக்கமோ சண்டையோ இருந்தாலும் கவனம் சிதறும்.

'இன்று எனக்கு முடியாது ஐயா' என்று மாணவர் சொல்லலாம். நல்ல பயிற்சியாளர் அதற்காகக் கோபிக்க மாட்டார். தன் நிலையைச் சரியாக அறிந்த மாணவர் என்று மதிப்பார். காற்று பலமாக அடித்தால் பயிற்சியாளரே வேண்டாம் என்பார். ஒருவர் சீக்கிரம் தயார் ஆவார். இன்னொருவருக்கு நாள் ஆகும். நாள் ஆனதால் அவர் மோசமான விமானி ஆகிவிட மாட்டார்.

பயிற்சியாளர் இறங்குகிறார்

பெரும்பாலும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் மாணவருக்கு இரவு தூக்கம் வராது. காலையில் வழக்கம் போல இரண்டு மூன்று முறை பறந்து இறங்குவார்கள். எல்லாம் நன்றாக இருந்தால் பயிற்சியாளர் தன் வாரைக் கழற்றுவார். 'ஒரு சுற்று நீயே போய் வா' என்பார்.

இறங்கும் முன் காலி இருக்கையின் வாரை அவரே மறுபடி இறுகக் கட்டுவார். தொங்கும் வார் கோலில் சிக்கிக்கொள்ளும். குனிந்தபடி முன்பக்கமாக வெளியே போவார். வால் பக்கம் போகவே மாட்டார். வேகமாகச் சுற்றும் வால் விசிறி கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ஒரு மாற்றம். பயிற்சியாளரின் எடை இல்லை. சிறிய ஹெலிகாப்டருக்கு ஓர் ஆளின் எடை பெரிய எடை. கோலைச் சற்று உயர்த்தினாலே சட்டென்று எழப் பார்க்கும். மாணவர் வலப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடப் பக்கம் காலி. அதனால் வலப் பக்கம் தாழ்ந்து, இடப் பக்கம் முதலில் எழும்பும். இதை அறியாமல் அவசரமாகத் தூக்கினால் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் உருண்டுவிடும். மாணவர் வலது கைக் கோலைச் சற்றே இடப் பக்கம் வைக்க வேண்டும். மிக மெதுவாக உயர்த்த வேண்டும். பயிற்சியாளர் இதை முன்பே பலமுறை சொல்லி இருப்பார்.

ஒரு சுற்று

ஹெலிகாப்டர் எழுந்து நிற்கிறது. மாணவர் அளவு காட்டும் முள்களைப் பார்க்கிறார். சுற்றிலும் பார்க்கிறார். கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அனுமதி கேட்கிறார். காற்று அடிக்கும் திசையை எதிர்த்துக் கிளம்புகிறார்.

500 முதல் 1000 அடி உயரம் வரை ஏறுகிறார். நீண்ட கட்டம் போலத் திடலைச் சுற்றி வருகிறார். நான்கு திருப்பங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பு வேறு விமானம் வருகிறதா என்று பார்க்கிறார். வழி எல்லாம் ஒரு கேள்வி மனத்தில் இருக்க வேண்டும். 'இப்போது எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவேன்?' கீழே உள்ள வெட்டவெளியைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்.

இறங்கும்போது செங்குத்தாக இறங்கக் கூடாது. அப்படி இறங்கினால் தன் விசிறி கீழே தள்ளிய காற்றிலேயே ஹெலிகாப்டர் மூழ்கும். அதனால் சரிவாக, முன்னே நகர்ந்தபடியே இறங்க வேண்டும். கடைசியில் தரைக்கு மேல் சில அடியில் நிறுத்தி, மெல்லத் தரையில் வைக்க வேண்டும்.

எல்லாம் சில நிமிடங்கள்தான். கீழே பயிற்சியாளர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அந்தச் சில நிமிடங்கள் அவருக்கும் நீளமானவைதான்.

அதற்குப் பிறகு

இறங்கியதும் நண்பர்கள் கை குலுக்குவார்கள். பல இடங்களில் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பறப்புப் பதிவேட்டில் மாணவர் அந்த நாளை எழுதி வைப்பார். அடுத்த பாடத்தில் பயிற்சியாளர் மறுபடி பக்கத்தில் உட்காருவார். பாடம் தொடரும்.

இத்தனை பாடும் எதற்காக? 2018 ஆகஸ்டு மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. ஆலுவா பகுதியில் ஒரு வீட்டின் மாடியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் சிக்கிக்கொண்டார். கடற்படை ஹெலிகாப்டர் அந்த வீட்டுக்கு மேலே வந்து நின்றது. கயிற்றைக் கீழே விட்டு அவரை மேலே தூக்கினார்கள். அன்றே அவருக்குக் கொச்சியில் ஆண் குழந்தை பிறந்தது.

அங்கே விமானி செய்தது என்ன? ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்தி வைத்தார். சற்று ஆடி இருந்தாலும் இரண்டு உயிர்களுக்கு ஆபத்து. எந்த விமானியும் இந்த வேலையைத் திடலில், தரையிலிருந்து சில அடி உயரத்தில்தான் பழகத் தொடங்குகிறார்.

பேசிப் பாருங்கள்

1. எல்லாம் மனப்பாடம் ஆன பிறகும் விமானி ஏன் அட்டையைப் படிக்கிறார்?
2. 'இன்று எனக்கு முடியாது' என்று சொல்வது எப்போது துணிவு ஆகும்?
3. உங்கள் வேலையில் இப்படி எழுதி வைத்துப் படித்துச் செய்யத் தக்கவை எவை? ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள்.